பஞ்சு போன வழி

1830 ஆகஸ்ட் 28ஆம் தேதி ராத்திரி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் லோயர் ஹார்ட்ரஸ் என்ற கிராமத்தில் பண்ணைக் கூலிகள் கூட்டமாக வந்து ஒரு கதிரடிக்கும் இயந்திரத்தை உடைத்துப் போட்டார்கள். பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, அதே நாட்டின் வடமேற்கில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழா. பிரதமர் வெலிங்டன் பிரபுவே வந்திருந்தார். வழிநெடுக வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஒரே நாடு, ஒரே பருவம். ஓரிடத்தில் இயந்திரத்துக்கு சம்மட்டி அடி, இன்னோரிடத்தில் இயந்திரத்துக்கு பேண்டு வாத்தியம்.

தொழிற்புரட்சி என்றால் பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்தது ஒரு பட்டியல். ஜான் கே, பறக்கும் நாடா. ஹார்க்ரீவ்ஸ், நூற்கும் ஜென்னி. ஸ்டீபன்சன், நீராவி ரயில். ‘பொருத்துக’ கேள்விக்கென்றே தயாரித்த மாதிரி இருக்கும். ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடலாம். ஆனால் இவர்கள் ஏன் இந்த வரிசையில் வந்தார்கள் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. பிற்பாடு நானாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நூல் சிக்கலைப் பிரிக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு முடிச்சை அவிழ்த்தால் பக்கத்து முடிச்சு இறுகும். இந்தக் கண்டுபிடிப்புகளின் கதை முழுக்க அதுதான். இறுகிய முடிச்சு யார் கழுத்தில் விழுந்தது என்பதைத்தான் பட்டியல் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இதற்குப் பஞ்சைப் பின்தொடர்ந்து போவது சுலபம். ஆலை, வயல், ரயில், தந்தி எல்லாமே அது போன வழியில்தான் இருக்கின்றன.

முதலில் ஒன்று. ஆங்கிலேயர்கள் நூற்பு இயந்திரத்துக்கு அலைந்ததற்குப் பின்னால் இந்தியத் துணி இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன சாயத் துணிகள் லண்டனில் சக்கைப்போடு போட்டன. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700இலும் 1721இலும் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆசை மட்டும் போகவில்லை. நம்மூர்ப் பெண்கள் கையால் நூற்ற நூலின் நேர்த்தியும் மலிவும் இங்கிலாந்தில் சாத்தியமில்லை. அந்தக் கைக்கு மாற்று வேண்டியிருந்தது.

1733இல் பரி என்ற ஊர்க்காரர் ஜான் கே செய்தது பார்க்க மிக எளிய வேலை. அதுவரை நெசவாளர், குறுக்கு இழையான ஊடையைச் சுமந்து போகும் நாடாவை ஒரு கையால் தள்ளி மறுகையால் பிடிப்பார். துணி அகலமென்றால் கை எட்டாது, மறுபக்கம் இன்னொரு ஆள் வேண்டும். கே தறியின் இரு ஓரத்திலும் ஒரு பெட்டியை வைத்து, இரண்டையும் கயிற்றால் இணைத்து, கயிற்றின் பிடியை நெசவாளர் கையில் கொடுத்துவிட்டார். பிடியை வெடுக்கென்று இழுத்தால் நாடா பாவுக்குள், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளுக்குள், பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் போய் விழும். ஒரே ஆள், இரு மடங்கு வேகம்.

(இந்த நாடா மதராஸ் மாகாணத்துக் கைத்தறிகளில் பெருவாரியாக ஏறியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சேலத்தில் அரசு நெசவுச்சாலை வைத்து இதைப் பரப்பப் பார்த்தார். அரசாங்கம் வியாபாரம் செய்யக் கூடாது என்று லண்டனிலிருந்து உத்தரவு வர, 1910இல் அதை மூடினார்கள். ஆனாலும் நாடா பரவியது. மில் துணியோடு மல்லுக்கட்டிக் கைத்தறி பிழைத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் பஞ்சாலைச் சீமையான லங்காஷயரில் கைத்தறியை ஒழித்த வரிசையின் முதல் கருவி, இங்கே கைத்தறிக்கு முட்டுக் கொடுத்தது!)

சரி, நெசவு வேகமாகிவிட்டது. நூல்? ஒரு தறிக்கு நூல் கொடுக்க நாலைந்து பேர் ராட்டை சுற்ற வேண்டியதாயிற்று. நெசவாளர்கள் நூலுக்காக வீடு வீடாக நடந்தார்கள். கேயின் நாடாவை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், உரிமைப் பணம் மட்டும் யாரும் தரவில்லை. அவர் பிரான்சுக்குப் போய் அங்கேயே செத்தார்.

நூல் பஞ்சத்துக்கு 1760களின் நடுவில் பதில் கொண்டுவந்தவர் பிளாக்பர்ன் பக்கத்து நெசவாளர் ஜேம்ஸ் ஹார்க்ரீவ்ஸ். ஒரு சக்கரத்தைச் சுற்றினால், நூலை முறுக்கிச் சுற்றும் எட்டுக் கதிர்கள் சுழலும். ஜென்னி என்பது அவர் மகள் பெயர் என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு மகள் அவருக்குக் கிடையாது. 1768இல் அக்கம்பக்கத்தார் வீடு புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள், அவர் நாட்டிங்காமுக்கு ஓடினார். நொறுக்கியவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுவது வழக்கம். ராட்டை வருமானத்தில் அடுப்பெரித்த வீடுகள் அவை. ஒருத்தர் எட்டுப் பேர் வேலையைச் செய்தால் மீதி ஏழு பேர் என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

ஜென்னி நூலில் ஒரு குறை. முறுக்கு போதாது, ஊடைக்கு ஆகும், பாவுக்குத் தாங்காது. பாவுக்கேற்ற உறுதியான நூலைத் தந்தது ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் 1769ஆம் ஆண்டு இயந்திரம். ஆர்க்ரைட் முடிதிருத்துகிறவர், தலைமுடி வாங்கி ‘விக்’ செய்து விற்றவர். இயந்திரம் அவர் மூளையில் உதித்ததுதானா என்பதே வழக்காகி, 1785இல் காப்புரிமை ரத்தானது. என்னைக் கேட்டால் அது பெரிய விஷயமில்லை. அவருடைய அசல் கண்டுபிடிப்பு, 1771இல் டெர்வென்ட் பள்ளத்தாக்கில் க்ராம்ஃபோர்டு என்ற ஊரில் தொடங்கிய ஆலை. ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுழலும். தண்ணீர் ராத்திரியில் தூங்காது, ஆகவே ஆளும் தூங்கக் கூடாது. பகலுக்கு ஒரு ஷிப்ட், இரவுக்கு ஒரு ஷிப்ட். தொழிலாளர்களில் பெரும்பங்கு குழந்தைகள். வேலைக்கு ஆள் வர வீடு கட்டிக் கொடுத்தார், மணி அடித்து எழுப்பினார். நான் வளர்ந்த ஊரில் மில் சங்குதான் கடிகாரம். மில்லில் வேலை செய்யாத வீட்டிலும் காலைச் சங்குக்கு அடுப்பு மூட்டுவார்கள். அந்தச் சங்கின் தாத்தா க்ராம்ஃபோர்டு மணி.

1779இல் போல்டன் ஊர்க்காரர் சாமுவேல் க்ராம்டன் இரண்டையும் கலந்து ஓர் இயந்திரம் செய்தார். இரண்டு ஜாதிக்குப் பிறந்ததால் அதற்கு ‘மியூல்’, அதாவது கோவேறு கழுதை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மஸ்லினுக்கான மெல்லிய நூலை முதன்முதலாக இங்கிலாந்தில் நூற்றது அதுதான். நூறு பவுண்டு பஞ்சை, அதாவது சுமார் 45 கிலோவை, நூலாக்க இந்தியாவில் கை ராட்டைக்கு 50,000 மணி நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. 1780இன் மியூலுக்கு 2,000 மணி நேரம். 1795க்குள் 300. 1825 வாக்கில் வந்த தானியங்கி மியூலுக்கு 135. நம் ஊர் நூற்புக்காரப் பெண்ணின் விரல் எவ்வளவு கெட்டிக்கார விரலாக இருந்தாலும் இந்தக் கணக்கோடு மோத முடியாது.

மியூலின் முன்பக்க வண்டி தண்டவாளத்தில் ஒன்றரை மீட்டர் வெளியே வரும். வரும்போது இழையை நீட்டி முறுக்கும், திரும்பிப் போகும்போது சுற்றிக்கொள்ளும். இடையில் அறுந்த இழைகளை, வண்டியோடு கூடவே நடந்து, சிறுவர்கள் விரலால் ஒட்டுவார்கள். அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் நகரும் வண்டிக்கு அடியில் தவழ்ந்து உதிர்ந்த பஞ்சைக் கூட்டி எடுப்பார்கள். வண்டி திரும்புமுன் வெளியே வந்துவிட வேண்டும்.

என் பெரியம்மா மில்லில் சைடு, அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கத்துக் கதிர்களை, பார்த்தவர். இயந்திரம் வேறு, அவர் காலத்தில் ரிங் பிரேம். வேலை அதேதான், அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவது. சின்ன வயதில் ஒருமுறை, “எப்படி பெரியம்மா இவ்வளவு கதிர்ல எது அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டேன். “கண்ணால தேடினா அன்னைக்கு முழுக்கத் தேட வேண்டியதுதான். நடந்துக்கிட்டே இரு, கை தானா போகும்” என்றார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ராத்திரி படுத்தால் இருமல். அந்த இருமலை வீட்டில் யாரும் வியாதியாக எண்ணியதில்லை.

இப்போது நூல் குவிந்துவிட்டது, நெய்ய ஆளில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லங்காஷயர் கைத்தறிக்காரர்களுக்குப் பொற்காலம். அப்புறம் விசைத்தறி வந்தது. 1785இல் அதை முதலில் செய்த எட்மண்ட் கார்ட்ரைட் ஒரு பாதிரியார். அதற்கு முன் ஒருவர் நெய்வதைத் தான் பார்த்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தறி ஓடிய லட்சணத்தில் அது தெரிந்தது. 1820களில் மற்றவர்கள் திருத்திய பிறகுதான் ஒழுங்காக ஓடியது. அத்தோடு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறி நெசவாளர்களின் கூலி தரைக்கு வந்தது.

இந்த இயந்திரங்களுக்கெல்லாம் இருந்த பசி ஒன்றுதான், பஞ்சு. அமெரிக்கத் தெற்கின் உள்நாட்டில் நன்றாக விளைந்த பருத்தி குட்டை இழை ரகம். பச்சைக் கொட்டையோடு பஞ்சு பசை போட்டது போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறும். இந்தியாவில் காலகாலமாக இருந்த இரட்டை உருளைக் கருவி நீண்ட இழைப் பருத்திக்கு அங்கேயும் உதவியது, இந்த ரகத்திடம் தோற்றது. 1793இல் ஜார்ஜியாவின் ஒரு பண்ணையில் தங்கியிருந்த எலி விட்னி, கம்பிப் பற்கள் பதித்த உருளை ஒன்றைச் செய்தார். பற்கள் பஞ்சைக் கவ்விக் குறுகலான பிளவுகள் வழியே இழுக்கும். கொட்டை பிளவில் நுழையாமல் இந்தப் பக்கமே விழும். பின்னால் சுழலும் தூரிகை பற்களிலிருந்து பஞ்சைத் துடைத்தெடுக்கும். கையால் சுற்றினாலே நாளைக்கு ஐம்பது பவுண்டு.

வேலையைக் குறைக்கும் இயந்திரம் வந்தால் வேலை குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர் எதிர். கொட்டை நீக்குவது சுலபமானதும் எவ்வளவு வேண்டுமானாலும் பருத்தி போடலாம் என்றாயிற்று. ஆனால் பருத்தி எடுப்பது கையால்தான். அந்த வேலைக்கு நம்பகமான இயந்திரம் பரவ இன்னும் நூற்றைம்பது ஆண்டு ஆனது. அதுவரை கை யாருடையது? 1790இல் அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். 1860இல் 39 லட்சத்துக்கும் மேல். விர்ஜினியா, மேரிலாந்து பக்கத்துப் பழைய புகையிலைப் பண்ணைகளிலிருந்து அலபாமா, மிசிசிப்பியின் புதுப் பருத்தி நிலங்களுக்குச் சுமார் 10 லட்சம் பேரைக் குடும்பத்திலிருந்து பிய்த்துக் கொண்டுபோனார்கள், நிறையப் பேரைச் சங்கிலி போட்டு நடத்தியே. நகல் எடுத்தவர்களோடு வழக்காடியதில் விட்னிக்குப் பணம் பெரிதாகத் தேறவில்லை. அவருக்காக என்னால் வருத்தப்பட முடியவில்லை.

கென்ட்டில் உடைபட்டதும் வயல் இயந்திரம்தான். அங்கே கதை வேறு. கோடையில் அறுத்து அடுக்கிய கதிரைக் குளிர்காலம் முழுக்கத் தடியால் அடிப்பதுதான் கூலிகளுக்கு இருந்த ஒரே பனிக்கால வருமானம். இயந்திரம் அந்த மாதங்களைத் தின்றது. 1830 இலையுதிர் காலத்தில் ‘கேப்டன் ஸ்விங்’ என்ற இல்லாத தலைவன் கையெழுத்தில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் பறந்தன. நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் உடைந்தன. அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது. சுமார் 480 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது.

லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மான்செஸ்டருக்குப் போக வேண்டும். கால்வாய் முதலாளிகள் வைத்ததுதான் கட்டணம். அட்லாண்டிக்கைக் கடந்த நாட்களைவிட இந்த ஐம்பது கிலோமீட்டருக்குச் சில சமயம் அதிக நாள் ஆகிறது என்று வியாபாரிகள் புலம்பினார்கள். அந்தப் புலம்பலின் விளைவுதான் ரயில். வழியில் சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம், கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியது. ஸ்டீபன்சன் புதர்க் கட்டுகளையும் தட்டிகளையும் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்க விட்டார். ரயில் இன்றும் அங்கே போகிறது.

திறப்பு விழாவிலேயே ஒரு சாவு. தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன் பிரதமரிடம் பேச இறங்கினார். பக்கத்துப் பாதையில் ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ இன்ஜின் வந்தது, தடுமாறி விழுந்தார், கால் நசுங்கி அன்றிரவே இறந்தார். எல்லோரும் சொல்லும் கதை இது. எனக்கு மறக்காதது வேறொன்று. அந்த ரயிலில் இருந்த நடிகை ஃபேனி கெம்பிள் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். மான்செஸ்டரை நெருங்கும்போது, கூட்டத்துக்கு மேலே தெரியும்படி ஒரு தறியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்களாம். அதில் கந்தல் உடுத்திய, பட்டினி முகத்து நெசவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். இயந்திரத்தின் வெற்றிக்கு எதிர்ப்புக் காட்டவென்றே வைத்த தறி அது.

ரயில் போன இடமெல்லாம் தந்திக் கம்பியும் கூடவே போனது. 1837இல் குக், வீட்ஸ்டன் இருவரும் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். 1844இல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பினார். பஞ்சு வியாபாரத்தைப் புரட்டியது 1866இல் அட்லாண்டிக் அடியில் போட்ட கேபிள். 1858இல் போட்டது சில வாரங்களில் செத்துவிட்டது. 1866 வரை நியூயார்க் விலை லிவர்பூலுக்குத் தெரியக் கப்பல் வர வேண்டும், பத்து நாள் போலாகும். கேபிள் வந்ததும் அன்றைய விலை அன்றைக்கே. கப்பல் கிளம்புமுன் சரக்கை விற்றுவிடலாம். இன்னும் செடியில் இருக்கும் பஞ்சையும் விற்கலாம். முன்பேர வணிகம் லிவர்பூலில் வேரூன்றியது இந்தப் பின்னணியில்தான். கேபிளுக்கு உறையாகப் போர்த்திய கட்டாபெர்ச்சா மலாய்க் காடுகளின் மரப்பால். ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தால் கிடைப்பது கொஞ்சமே. சில பத்தாண்டுகளில் அந்த மரத்தைத் தேட வேண்டியதாயிற்று.

கேபிள் வருவதற்குச் சற்று முன், 1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போர். பிரிட்டன் வாங்கிய பஞ்சில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டு அது நின்றதும் லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் கஞ்சித்தொட்டிக்கு வந்தார்கள். அந்த நிலையிலும், 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். அவரும் பதில் போட்டார். இந்த நீண்ட கதையில் பஞ்சை யார் எடுத்தார்கள் என்று கேட்டவர்கள், அந்தப் பஞ்சால் பிழைத்த இவர்கள்தான்.

ஆலை முதலாளிகள் வேறு மண் தேடினார்கள். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுப் பருத்திக்குத் திடீர் மவுசு. விலை ஏறியது, போர் முடிந்ததும் இறங்கியது. ஆனால் பாதை விழுந்துவிட்டது. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்து சேர்ந்தது. ஆழமில்லாத கடல் என்பதால் கப்பல் தொலைவில் நிற்கும், பஞ்சுப் பொதிகள் தோணியில் போகும். அடுத்த பத்தாண்டில் ஹார்வி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வேறொரு கணக்குப் போட்டது. பஞ்சை ஏன் கப்பலேற்ற வேண்டும், விளைகிற இடத்திலேயே நூற்றால் என்ன? பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையில் ஆலை எழுந்தது. ஆர்க்ரைட் ஓடையோரம் செய்ததையே பொதிகை அடிவாரத்தில் செய்தார்கள். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில்.

இதற்கிடையே மான்செஸ்டர் முதலாளிகளுக்கு இந்தியத் தொழிலாளர்கள் மேல் திடீர்ப் பாசம் வந்திருந்தது. பம்பாய் ஆலைகள் போட்டிக்கு வந்ததும், அங்கே குழந்தைகள் நீண்ட நேரம் வேலை செய்வது அவர்கள் மனசை உறுத்தியது. அவர்கள் கொடுத்த அழுத்தமும் சேர்ந்து 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் கீழ் வேலை கூடாது, பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம்! 1891இல் அதைத் திருத்தி எல்லோருக்கும் வார விடுமுறை என்றார்கள். வளர்ந்த ஆண்களுக்கு நேர வரம்பு அப்போதும் இல்லை. 1911இல்தான் வந்தது, அதுவும் நாளைக்கு 12 மணி நேரம்.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு சோறு போட்டார்கள். ஒன்பது நாள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்து, கூலியை உயர்த்தவும் வேலை நேரத்தைக் குறைக்கவும் ஒத்துக்கொண்டது. அவர்கள் கேட்டு வாங்கியவற்றில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஒன்று. சட்டப் புத்தகத்தில் அது பதினேழு வருஷமாக இருந்தது.